அலுமினியப் படகில் அரிப்பு: காரணம் காண்பதும் பழுது நீக்குவதும்

அலுமினியப் படகைக் கரையேற்றி, அடித்தகட்டில் வெண்பொடி பூத்திருப்பதைக் கண்டதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். தேய்த்து, ஒரு பிரைமரும் மேல்பூச்சும் அடித்துவிட்டால் ஒரு பருவத்துக்குப் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடுத்த முறை கரையேற்றும்போது அதே இடத்தில், முன்னிலும் ஆழமான குழிக்குள், அதே பொடி இருக்கும். அந்தப் பொடி, அரிப்பு விட்டுச்சென்ற கழிவு மட்டுமே. அரிப்பை நடத்திக்கொண்டிருக்கும் வேற்று உலோகமோ, தேங்கிய நீரோ, கசியும் மின்சாரமோ படகிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து விலக்கிய பிறகுதான் தகட்டில் கைவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இங்கே பழுது நீக்குவதைவிடக் காரணம் காண்பதற்கே மிகுதியான இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அலுமினியம் எதனால் தாங்குகிறது

அலுமினியம் இயல்பில் எளிதாக வினைபுரியும் உலோகம். காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகி, அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைக்கும் இடமாக இருந்தால், அப்படலம் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். பி.எச். அளவு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை உள்ள நீரில் இது நிலைத்திருக்கும்; கடல்நீரின் பி.எச். பொதுவாக 8.1-ஐ ஒட்டியே இருப்பதால், தகுந்த கலவையில் கட்டப்பட்ட படகுகள் வண்ணம் பூசப்படாமலேயே பல ஆண்டுகள் உழைக்கின்றன. கடும் அமிலம், கடும் காரம் ஆகிய இரண்டுமே இப்படலத்தைக் கரைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல எச்சரிக்கைகளுக்கு அதுவே அடிப்படை.

இப்படலத்துக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு, படலம் மெலிந்திருக்கும் புள்ளிகளில் துளைத்து உள்ளே இறங்கும். குழி அரிப்பு அங்கே தொடங்குகிறது. இரண்டாவதாக, ஆக்சிஜன் புகாத இடுக்கில் நீர் தேங்கினால் கிழிந்த படலம் மீண்டும் உருவாக வழியில்லை. உள்ளே சிக்கிய நீர் நாளடைவில் அமிலமாகவும் மாறுகிறது.

எந்தக் கலவை என்பதும் முக்கியம். படகின் தகடுகளுக்கு 5052, 5083, 5086 போன்ற மக்னீசியக் கலவைகளும், சட்டங்களுக்கும் குழாய்களுக்கும் 6061, 6082 போன்ற மக்னீசிய–சிலிக்கான் கலவைகளும் பயன்படுகின்றன. விமானங்களுக்கு ஏற்ற 2024, 7075 ஆகியவற்றில் செம்பு கலந்திருப்பதால் கடல்நீரில் அவை தாக்குப்பிடிக்க மாட்டா. பழைய இரும்புக்கடையில் கிடைத்த, என்னவென்று தெரியாத துண்டை ஒட்டுப்போட எடுப்பது அதனாலேயே ஆபத்தானது. இன்னொன்று: மக்னீசியம் 3 விழுக்காட்டுக்கு மேல் உள்ள 5083, 5086 போன்றவை ஏறத்தாழ 65 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட காலம் சூடாக இருந்தால், உலோகத் துகள்களின் எல்லைக்கோடுகளில் மக்னீசியம் மிகுந்த ஒரு பொருள் படிந்து, அந்தக் கோடுகளின் வழியே அரிப்பு ஊடுருவும். எஞ்சின் புகைக்குழாயை ஒட்டிய தகடுகளில் இதை எதிர்பார்க்கலாம்.

அரிப்பின் தோற்றத்தைப் படித்தல்

எதையும் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் முன்னால், படகு கரையேறிய நிலையிலேயே முழுவதையும் ஒருமுறை சுற்றிப்பார்த்து, ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, குழிகளுக்குச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். பாசியையும் கொட்டலசையும் மரச்சீவியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ மட்டும் அகற்றலாம். அரிப்பு எங்கே இருக்கிறது, எதன் அருகே இருக்கிறது, எப்படித் தோன்றுகிறது என்ற மூன்றுமே காரணத்தைச் சொல்லிவிடும். தேய்த்த பிறகு அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது.

தகடெங்கும் சிதறலாக, ஆழமற்ற குழிகளும் அவற்றின் வாயில் வெண்பொடி மூடியும் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணக் குழி அரிப்பு. காலம் செல்லச்செல்ல இதன் வேகம் குறைவது வழக்கம். பதறத் தேவையில்லை, அளந்து கண்காணித்தால் போதும்.

ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பியிருந்தால் அது வேறு கதை. கொப்புளத்தை நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈரமான சாம்பல் நிறப் பசை இருக்கும். போல்ட்டின் தலை மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கும். அதன் வாஷரின் விளிம்பை ஒட்டி அலுமினியத்தில் பிறை வடிவப் பள்ளம் விழுந்திருக்கும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே உப்புநீரில் நனைந்தால், மின்வேதி வரிசையில், அதாவது எளிதில் கரைபவை கீழே வருமாறு உலோகங்களை அடுக்கிய பட்டியலில், கீழே உள்ள உலோகம் தன்னைக் கரைத்து மேலே உள்ளதைக் காப்பாற்றுகிறது. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை (உலோகத்தின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க நீரில் தொங்கவிடும் முனை) வைத்துக் கடல்நீரில் அளந்தால், நல்ல நிலையிலுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூஜ்யத்துக்கும் −100 மில்லிவோல்ட்டுக்கும் இடையே நிற்கும். செம்பு −300-ஐ ஒட்டியிருக்கும். அலுமினியமோ கலவைக்கு ஏற்ப −760 முதல் −1000 வரை இறங்கிவிடும். இந்த இடைவெளிதான் அரிப்பை இயக்கும் விசை.

இங்கே பரப்பளவின் விகிதம் பலரும் கவனிக்காத ஒன்று. பெரிய அலுமினியத் தகட்டில் ஒரு சிறு ஸ்டீல் திருகு இருப்பது அவ்வளவு கேடு செய்யாது. சேதம் பரவலாகப் பகிரப்பட்டுவிடும். அதே தகட்டை நன்றாக வண்ணம் பூசி மூடிவிட்டு, திருகைச் சுற்றி ஒரு கீறலை மட்டும் விட்டுவிட்டால், முழு மின்னோட்டமும் அந்தக் கீறலின் வழியாகவே வெளியேறி அங்கே ஆழமாகத் துளைக்கும். ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் பூச்சுப் போட முடியும் என்றால், அலுமினியத்தை விட்டுவிட்டு மறு உலோகத்துக்குப் போடுவதே அறிவுடைமை. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றினாலும் அதுவே சரி.

உட்புறத்தில், தரைவிரிப்பு, மிதவை நுரை, மரப்பலகை ஆகியவற்றின் அடியில் பசைபோல் படிந்த வெண்சாம்பல் நிறப் படிவு, ஈரத்தைப் பிடித்துவைத்த பொருளால் வந்த அரிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாமல், ஒருநாள் உள்ளிருந்து வெளியே துளை விழும் வகை இது. தரைப்பலகையின் ஒரு மூலையையாவது கழற்றிப் பார்க்காமல் ஆய்வு முடிந்தது என்று சொல்லக்கூடாது. மரம் செம்பு உப்புகளால் பதப்படுத்தப்பட்டதாக இருந்தால் கேடு பன்மடங்கு. படகு அமர்ந்திருக்கும் டிரெய்லரின் தாங்குகட்டைகளும் இதே வகை மரமாக இருக்கக்கூடும்.

புகைக்குழாய்ப் பகுதியிலோ தகட்டின் வெட்டு விளிம்பிலோ உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்து உப்பியிருந்தால் அது மேற்சொன்ன சூட்டினால் வந்த கேடு. அதற்குப் பூச்சு மருந்தில்லை. அப்பகுதியை வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, சில வாரங்களுக்குள் தோன்றிய, விளிம்பு கூர்மையான, உள்ளே உலோகம் பளிச்சென்று தெரியும் குழிகள். பொடி குறைவாகவும் குழி ஆழமாகவும் இருந்தால் கசிவு மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் படகைத் திரும்ப நீரில் இறக்குவதற்கு முன் மின்சுற்றைச் சோதிப்பது தள்ளிப்போடக்கூடாத வேலை.

கசிவு மின்சாரத்தைத் தேடுதல்

மின்னோட்டம் உலோகத்தை விட்டு நீருக்குள் இறங்கும் இடத்தில் உலோகம் கரைகிறது. எவ்வளவு கரையும் என்பது மின்வேதியியல் கணக்கு: ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுவதும் பாய்ந்தால் ஏறத்தாழ 2.9 கிலோ அலுமினியம் கரையும். நூறு மில்லி ஆம்பியர் கசிவு ஒரு மாதம் நீடித்தால் 24 கிராம். கேட்பதற்குச் சிறிய எடைதான். ஆனால் 4 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் துளைக்குத் தேவைப்படும் உலோகம் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். கரைதல் ஓரிடத்தில் குவிந்தால் அந்த ஒரு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகளுக்கு அது போதும்.

அலுமினியப் படகில் மின்சாரம் திரும்பும் வழியாகப் படகின் உடலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கார்களில் செய்வதைப்போல் நெகட்டிவை உடலில் இணைத்துவிடும் பழக்கம் இங்கே நஞ்சு. ஒவ்வொரு கருவிக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டு கம்பிகளும் பேட்டரி வரை தனித்தனியாகச் செல்ல வேண்டும். விதிவிலக்கு ஒன்றே: வெளிப்புற எஞ்சின்கள் பலவற்றில் எஞ்சினின் உடலே பேட்டரி நெகட்டிவுடன் இணைந்திருக்கும், எஞ்சின் படகின் பின்தகட்டில் பூட்டப்பட்டிருப்பதால் படகும் அந்த ஒரு புள்ளியில் நெகட்டிவுடன் சேர்ந்துவிடும். ஒரே புள்ளியாக இருக்கும்வரை அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது புள்ளி உருவானால், கருவிகளின் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தகட்டின் வழியே பாயத் தொடங்கும்.

சோதிக்கும் முறை இது. கரை மின்சாரத்தைத் துண்டித்து, எஞ்சினுக்குச் செல்லும் பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மற்றக் கருவிகள் இணைந்த நிலையில் மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைக்கவும். தகட்டில் ஓரிடத்தில் உலோகம் பளிச்சிடுமாறு சுரண்டி, ஒரு முனையை அங்கே அழுத்தி, மறுமுனையை முதலில் பேட்டரி பாசிட்டிவிலும் பிறகு நெகட்டிவிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பாசிட்டிவுக்கும் தகட்டுக்கும் இடையே பேட்டரியின் முழு வோல்ட் காட்டினால், எங்கோ நெகட்டிவ் தகட்டைத் தொடுகிறது. நெகட்டிவுக்கும் தகட்டுக்கும் இடையே முழு வோல்ட் காட்டினால் பாசிட்டிவ் தொடுகிறது. இது உடனே நிறுத்தப்பட வேண்டிய ஆபத்து. இடைப்பட்ட, நிலையில்லாமல் தடுமாறும் சிறு எண்கள் மீட்டரின் உணர்திறனால் வருபவையாகவும் இருக்கலாம்; அப்போது பேட்டரியை முற்றிலும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே மின்தடையை அளந்து உறுதிசெய்துகொள்ளலாம்.

ஒருமுறை அளந்தால் போதாது. எல்லா சுவிட்சுகளும் அணைந்த நிலையில் நன்றாக இருக்கும் சுற்று, விளக்கையோ மீன்காட்டும் கருவியையோ ஏற்றியதும் கசியலாம். ஆகவே ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு அளவுகளையும் பார்க்க வேண்டும். கசிவு தெரிந்ததும் ஃபியூஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது மீட்டர் மாறுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு.

பெரும்பாலும் அது பில்ஜ் பம்பாகவே இருக்கும். பில்ஜ் எனப்படும், படகின் அடியில் நீர் சேரும் பள்ளத்தில், பம்பின் கம்பியும் மிதவை சுவிட்சின் கம்பியும் சேரும் இணைப்பில், இன்சுலேஷன் நாடா இளகி விலகியிருக்கும். பிரித்துப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். தானியங்கிப் பம்புக்கு எப்போதும் மின்சாரம் இருந்துகொண்டே இருப்பதால், படகில் யாருமில்லாத நாட்களிலும் அந்த இணைப்பு நீரில் நனைந்து கசிந்துகொண்டேயிருக்கும். இணைப்பைப் பள்ளத்துக்கு மேலே உயர்த்தி, பசை உள்பூசப்பட்ட சுருங்குகுழாயால் மூடிவிட்டால் தீர்ந்தது.

நிரந்தரக் கண்காணிப்புக்கு இரு விளக்குச் சோதனை எளியது. ஒரே அளவுள்ள இரண்டு சிறு விளக்குகளைத் தொடராக இணைத்து, ஒரு முனையைப் பாசிட்டிவிலும் மறுமுனையை நெகட்டிவிலும் கொடுத்து, நடுப்புள்ளியை ஓர் அழுத்துபொத்தான் வழியாகத் தகட்டுடன் சேர்க்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது இரண்டும் ஒரே அளவு மங்கலாக எரிந்தால் கசிவில்லை. ஒன்று மங்கி மற்றது பிரகாசித்தால், மங்கிய விளக்கு எந்த முனையைச் சேர்ந்ததோ அந்த முனை தகட்டைத் தொடுகிறது. பொத்தானுக்குப் பதிலாக நிலையான இணைப்புக் கொடுத்துவிட்டால் விளக்கே கசிவு வழியாகிவிடும்.

கரை மின்சாரம் எடுக்கும் படகுகளுக்கு இன்னொரு வழியிலும் கேடு வரும். பாதுகாப்புக்காக உள்ள எர்த் கம்பி, துறையில் நிற்கும் எல்லாப் படகுகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. பக்கத்துப் படகின் வெண்கலப் புரொப்பெல்லருக்கு உங்கள் அலுமினியம் காவல் காக்கத் தொடங்கும். எர்த் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து. அதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. தாழ்ந்த வோல்ட் நேர்மின்னோட்டத்தை மட்டும் தடுத்து, கோளாறு மின்னோட்டத்தை அனுமதிக்கும் கால்வனிக் ஐசோலேட்டர் ஒரு தீர்வு; முற்றாகப் பிரித்துவிடும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதைவிடச் சிறந்தது. அலுமினியப் படகுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே.

வேற்று உலோகங்களை விலக்குதல்

நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலமோ பித்தளையோ இருக்கக் கூடாது. கடல்நீர் வால்வுகளுக்கு அலுமினியத்தில் பற்றவைத்த குழாய்க்கழுத்தும், கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஆகவே 316 தரத்தில் வாங்கி, தண்டுக்கு நைலான் உறையும் தலைக்கடியில் நைலான் வாஷரும் கொடுத்து, புரிகளில் டெஃப்-ஜெல் அல்லது டியூரலாக் போன்ற பிரிப்புப்பசையைத் தாராளமாகத் தடவி முறுக்க வேண்டும். ரிவெட் மாற்றும்போது அலுமினிய ரிவெட்டுகளையே எடுக்க வேண்டும்.

அடிப்பூச்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் பெருந்தவறு செய்கிறார்கள். பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் வண்ணங்களில் பெரும்பாலானவை குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்புச் சேர்மத்தைக் கொண்டவை. அலுமினியத்தில் அவற்றைப் பூசுவது அரிப்பை விலைகொடுத்து வாங்குவதாகும். செம்பே இல்லாத பூச்சுகளோ, ஒட்டாத சிலிக்கோன் பூச்சுகளோ பாதுகாப்பானவை. குப்ரஸ் தயோசயனேட் கொண்டவை அலுமினியத்துக்கு ஏற்றவை என்று விற்கப்படுகின்றன. பழுதில்லாத தடித்த எபாக்சிப் படலத்தின் மேல் மட்டுமே அவை பொருந்தும், அப்படலம் கீறுண்டால் அங்கே தகடு நேரடியாகச் செம்பைச் சந்திக்கும்.

பில்ஜில் விழுந்த செம்புக் கம்பித் துண்டு, நாணயம், பித்தளைத் திருகு ஒவ்வொன்றும் தன் வடிவத்திலேயே தகட்டில் பள்ளம் தோண்டும். மின்வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் பில்ஜைத் துடைத்தெடுக்க வேண்டும். பாதரசம் உள்ள எந்தக் கருவியும் படகில் ஏறவே கூடாது. ஒரு துளி பாதரசம் ஆக்சைடு படலத்தை ஊடுருவிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்துவது மிகக் கடினம்.

அனோடுகள்

அலுமினியத்தைவிடத் தாழ்ந்த மின்னழுத்தமுள்ள ஓர் உலோகக்கட்டியைத் தகட்டில் பூட்டி, தகட்டுக்குப் பதிலாக அதைக் கரையவிடுவதே அனோடின் வேலை. கடல்நீரில் துத்தநாக அனோடு −1030 மில்லிவோல்ட்டை ஒட்டியும், துத்தநாகமும் இண்டியமும் கலந்த அலுமினிய அனோடு −1100-ஐ ஒட்டியும், மக்னீசிய அனோடு −1600-ஐ ஒட்டியும் நிற்கும். அலுமினியப் படகுக்கு அலுமினிய அனோடையே நான் முதலில் சொல்வேன்: துத்தநாகத்தைவிட எடை குறைவு, முகத்துவாரத்தின் கலப்பு நீரிலும் வேலை செய்யும். துத்தநாகம் நன்னீரில் மேலே ஓர் ஓடு கட்டிக்கொண்டு செயலிழந்துவிடும்.

மக்னீசியம் நன்னீருக்கு மட்டும் உரியது. ஏரியில் ஓடிய படகை மக்னீசிய அனோடுகளோடு கடலில் இறக்கினால் பாதுகாப்பு அளவுக்கு மீறிப்போகும். −1200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே தகட்டின் மேற்பரப்பில் காரம் உருவாகி, வண்ணத்தைக் கொப்புளமாக்கி, அலுமினியத்தையே கரைக்கும். எஃகுப் படகில் பூச்சோடு நின்றுவிடும் கேடு அலுமினியத்தில் தகடு வரைக்கும் செல்கிறது.

அனோடைத் தகட்டோடு உலோகத் தொடர்பில் பூட்ட வேண்டும். இடையே வண்ணமோ பசையோ இருந்தால் அது வெறும் எடைதான். பூட்டிய பின் மல்டிமீட்டரில் அனோடுக்கும் தகட்டுக்கும் இடையே மின்தடை ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அனோடின் மேல் வண்ணம் பூசக்கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

தகட்டைப் பழுது நீக்குதல்

காரணம் விலகிய பிறகு வேலை நேரானது. நன்னீரால் அழுத்தமாகக் கழுவி உப்பை நீக்கி, நன்றாக உலரவிட வேண்டும். பழைய வண்ணம் எதுவென்று தெரியாவிட்டால் உலர்தேய்ப்புக் கூடாது: குரோமேட் பிரைமர்களும், அவற்றைத் தடைசெய்த உலகளாவிய உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வரும்வரை பாசியைத் தடுக்கப் புழங்கிய டிரைபியூட்டைல் டின் பூச்சுகளும் தூசியாக மூக்கில் ஏறினால் மிகுந்த கேடு செய்பவை. ஈரத்தோடு தேய்த்து, கழிவைத் துணிவிரித்துச் சேகரித்து, முகக்கவசத்தோடு வேலை செய்ய வேண்டும்.

பொடியை அகற்ற, இதற்கென்றே ஒதுக்கிய புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷோ, இரும்புக் கம்பிப் பஞ்சோ துகள்களை அலுமினியத்தில் பதித்துவிடும்; ஒவ்வொரு துகளும் ஒரு புதிய குழிக்கு வித்து. குழிக்குள் கூரான ஊசியால் குத்திக் குடைந்து, பொடி முழுவதும் வெளிவந்து உலோகம் பளிச்சிடும்வரை தோண்டிப் பார்க்க வேண்டும். ஊசி நுழையும் ஆழம் பல நேரங்களில் வாயைப் பார்த்து மதிப்பிட்டதைவிட அதிகமாகவே இருக்கும். மணல்வீச்சு முறையைக் கையாண்டால் கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு மணிகளைக் குறைந்த அழுத்தத்தில் வீச வேண்டும். இரும்பு மணியும் செம்புக் கசடும் இங்கே விலக்கப்பட்டவை. அலுமினியத் தூசி தீப்பற்றக்கூடியது; இரும்பு அரைக்கும் பொறிகள் பறக்கும் இடத்தில் அதைச் சேர்த்துவைக்கக் கூடாது, ஈரத் தூசியை மூடிய டப்பாவில் அடைத்தால் ஹைட்ரஜன் வாயு சேரும்.

எஞ்சிய கறைக்கு, அலுமினியத்துக்கென விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கழுவியை நீர்த்துத் தடவி, அறிவுறுத்திய நேரத்துக்குள் கழுவிவிடலாம். காஸ்டிக் சோடா, அடுப்புக்கறை நீக்கி, பிளீச்சிங், ஹைட்ரோகுளோரிக் அமிலம் எதுவும் ஆகாது. ஹைட்ரோபுளூரிக் அமிலம் கலந்த பளபளப்பூட்டிகளை வீட்டளவில் கையாளவே கூடாது. அது தோலில் பட்டு எலும்புவரை செல்லக்கூடியது.

இப்போது ஆழத்தை அளக்க வேண்டும். குழிக்கு ஆழமானியும், தகட்டின் எஞ்சிய தடிமனுக்கு அல்ட்ராசோனிக் மீட்டரும் பயன்படும். தடிமனில் கால்பங்குக்குள் இருக்கும் தனிக்குழிகளை நீரடிக்கேற்ற எபாக்சி நிரப்பியால் அடைத்துவிடலாம் என்பது என் அளவுகோல். அதைத் தாண்டியவையும், நெருங்கிக் கூட்டமாக இருப்பவையும் பற்றவைப்புக்கு உரியவை. துளை விழுந்துவிட்டால் சுற்றிலும் நல்ல உலோகம் வரும்வரை வெட்டி, மூலைகளை வளைவாக்கி, அதே கலவையில் வெட்டிய துண்டைத் தகட்டோடு சமமாகப் பொருத்திப் பற்றவைக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து மூடி விளிம்பைப் பற்றவைப்பது விரைவான வேலை என்றாலும், இரண்டுக்கும் நடுவே இடுக்கு உருவாகி அதற்குள் அரிப்பு வளரும்.

பற்றவைப்பு பயிற்சி பெற்றவரின் வேலை; ஆனால் சிலவற்றை உரிமையாளர் கேட்டறியலாம். 5083, 5086 தகடுகளுக்கு 5183 அல்லது 5356 நிரப்புக்கம்பி ஏற்றது. 4043 கம்பி இவற்றில் நொறுங்கும் தன்மையை உண்டாக்கும். ஆக்சைடு 2000 பாகைக்கு மேல்தான் உருகும், அலுமினியமோ 660-இலேயே உருகிவிடும். ஆகவே அசிட்டோனால் எண்ணெய்ப்பசை நீக்கி, பிறகு பிரஷால் ஆக்சைடை அகற்றி, தாமதமின்றிப் பற்றவைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பிரஷ் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்துவிடும். ஈரம் இருந்தால் பற்றுப்பகுதியில் காற்றுக்குமிழிகள் நிற்கும். பேட்டரியும் மின்னணுக் கருவிகளும் கழற்றப்பட்டு, எரிபொருள் தொட்டி வாயு நீக்கப்பட்டிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப், பற்றவைக்கும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். நீரில் மிதக்கும் படகில் பற்றவைப்பு வேண்டாம்.

பூச்சுக்கு முன்னதான சோதனை எளியது: தகட்டில் நீர் ஊற்றினால் உடையாத ஒரே படலமாக நிற்க வேண்டும், முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். 80 எண் தேய்ப்புத்தட்டால் முரடாக்கிய சில மணி நேரத்துக்குள்ளேயே, நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல், இருபாக எபாக்சிப் பிரைமரின் முதல் பூச்சு ஏறிவிட வேண்டும். தாமதித்தால் ஆக்சைடு மீண்டும் தடித்துப் பிடிப்பு குறையும். அடுத்தடுத்த பூச்சுகளின் இடைவெளிக்கும் மொத்தத் தடிமனுக்கும் தயாரிப்பாளரின் தாளையே பின்பற்ற வேண்டும். ஒரே நிறுவனத்தின் பிரைமர், இடைப்பூச்சு, மேல்பூச்சு என ஒரு வரிசையாக எடுப்பது நல்லது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியையும் பில்ஜையும் பூசாமல் வெறும் உலோகமாகவே விடலாம். அங்கே தேவை தூய்மையும் நீர்வடியும் துளைகள் அடைபடாமலிருப்பதுமே. மழைக்காலத்தில் படகின் மேல் தார்ப்பாயை உடலோடு ஒட்டிப் போர்த்துவதைவிட, இடைவெளி விட்டுக் காற்றோடுமாறு கட்டுவது மேல்.

நீரில் இறக்கிய பின்

படகு நீரில் இறங்கிய மறுநாள், ஒப்பீட்டு மின்முனையை நீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையைத் தகட்டில் தொட்டு அளக்க வேண்டும். கடல்நீரில் −900 முதல் −1100 மில்லிவோல்ட் வரை காட்டினால் பாதுகாப்பு சரியாக இருக்கிறது. −900-ஐ எட்டாவிட்டால் அனோடு போதவில்லை அல்லது தொடர்பில் இல்லை. −1200-ஐ நெருங்கினால் ஓர் அனோடைக் கழற்ற வேண்டும். கரை மின்சாரம் செருகிய நிலையிலும் செருகாத நிலையிலும், ஒவ்வொரு கருவியும் இயங்கும் நிலையிலும் இதே அளவை எடுத்து, தேதியோடு குறித்துவைக்க வேண்டும். செருகியதும் எண் குதித்தால் கோளாறு கரைப்பக்கத்தில் இருக்கிறது. ஒரு சுவிட்சைப் போட்டதும் குதித்தால் அந்தச் சுற்றில் இருக்கிறது.

அனோடுகள் எதிர்பார்த்ததைவிட மிக விரைவாகக் கரைந்தால், பெரிய அனோடு வாங்குவதற்கு முன் கசிவைத் தேட வேண்டும். ஓராண்டு நீரிலிருந்தும் விளிம்புகூட மழுங்காமல் அவை புதிதாகவே இருந்தால் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது அனோடின் பூட்டுப்புள்ளியைக் கழற்றி, இரு முகங்களையும் பளிச்சிடுமாறு தேய்த்து மீண்டும் முறுக்கிவிட்டு, மின்தடையை மறுபடியும் அளக்க வேண்டும்.